நாற்காலி யாருடையது?

எட்டாம் வகுப்பில் பழைய ஸ்டுடியோப் படங்களைச் சான்றாக வாசித்த அனுபவம்

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு வரலாற்றுச் சான்றுகள் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கல்வெட்டு, நாணயம், நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்று சொல்லி முடித்ததும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். “உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய போட்டோ எதுவோ, அதை ஒருநாள் மட்டும் கொண்டுவாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.” செலவில்லாத துணைக்கருவி, வீட்டிலேயே கிடைக்கும் சான்று. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் 34 பேரில் 9 பேர்தான் கொண்டுவந்தார்கள். மற்றவர்களை “மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுந்து, “மறக்கல டீச்சர், எங்க வீட்ல இல்ல” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. தலையாட்டிய பலருக்கும் அதுதான் உண்மையான பதில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் செயல்பாட்டைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் என் தவறைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன். பழைய போட்டோ என்பது எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள் அல்ல.

கொண்டுவந்த ஒன்பது படங்களையும் மேசையில் பரப்பினோம். அதில் இரண்டு படங்கள் எங்களை நிறுத்தின. ஒன்று, நிலபுலம் உள்ள ஒரு குடும்பத்துப் பெரியவரின் படம். மற்றொன்று, பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு கொள்ளுத்தாத்தாவின் படம். இருவரும் வெவ்வேறு தெரு, வெவ்வேறு உறவு. ஆனால் இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரே நாற்காலி. கைப்பிடி முனையில் சிங்கத்தின் பாதம் செதுக்கியது. பக்கத்தில் அதே மூன்றுகால் முக்காலி, அதே பூச்சாடி, பின்னால் அதே திரையில் எழுதிய தூணும் படிக்கட்டும். பூச்சாடியின் விளிம்பில் இருந்த உடைசல்கூட ஒன்றுதான்.

“டீச்சர், அவங்க வீட்டு நாற்காலிய இவங்க கடன் வாங்கினாங்களா?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், “இல்லடா, அது போட்டோக் கடைக்காரர் நாற்காலி” என்றான். பாடம் அங்கேதான் தொடங்கியது. அடுத்த நான்கு பாடவேளைகள் இதிலேயே போயின. பாடத்திட்டம் பின்தங்கியதை ஒப்புக்கொள்கிறேன்.

படம் எடுத்துக்கொள்வது என்றால் என்ன?

1839-இல் பாரிஸில் டாகேர் கண்டுபிடித்த முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம். அதற்குப் பிரதி கிடையாது. அதற்கு முன்பு தன் உருவத்தைப் படமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஓவியர் வேண்டும். ஓவியருக்குப் பணம் வேண்டும். அதாவது அரசரோ பிரபுவோ பெருவணிகரோ ஆக வேண்டும். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் நெகட்டிவ் எடுக்கும் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். 1854-இல் பாரிஸ்காரரான திஸ்தேரி ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுச் சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். விசிட்டிங் கார்டு அளவில் வெட்டி அட்டையில் ஒட்டிய அந்தச் சின்னப் படங்கள் விலை குறைந்தவை. கடைக்காரர், எழுத்தர், தையற்காரர் எல்லாரும் ஸ்டுடியோவுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அங்கே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. பிரபுவின் ஓவியத்தில் பின்னால் தெரியும் தூண், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை, செதுக்கிய நாற்காலி, மேசைமேல் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்டுடியோக்காரர் மலிவாகச் செய்து வைத்திருந்தார். தூண் மரத்தாலோ அட்டையாலோ ஆனது. தோட்டம் துணியில் எழுதியது. அரை மணி நேரத்துக்கு அது உங்கள் வீடு. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் மேலே இருந்தவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். 1860-இல் மேயால் என்ற படக்கலைஞர் விக்டோரியா அரசியையும் அவர் கணவரையும் எடுத்து வெளியிட்ட சிறு படங்களில் கிரீடமும் இல்லை, செங்கோலும் இல்லை. சாதாரண நடுத்தரக் குடும்பம் போல நிற்கிறார்கள். அவை ஏராளமாக விற்றன. மணிமுடி உள்ளவருக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. இல்லாதவருக்குத்தான் நாற்காலி வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கும் இது தாமதமின்றி வந்துவிட்டது. 1856-இல் சென்னையில் புகைப்படக் கழகமே தொடங்கிவிட்டார்கள். சென்னையில் நிக்கலஸ், வீலே அண்டு கிளைன் போன்ற நிறுவனங்கள் ஆளுநர்களையும் ஜமீன்தார்களையும் எடுத்தன. பிறகு இருபதாம் நூற்றாண்டில் சிறு ஊர்களில்கூட ஸ்டுடியோக்கள் வந்தன. அதை நடத்தியவர்கள் நம் ஊர்க்காரர்கள். நம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேர்த்து வைத்திருப்பது நம் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. கல்விச் சுற்றுலா என்றால் கடற்கரையும் தாவரவியல் பூங்காவும் மட்டும்தானா?

“ஏன் டீச்சர் யாருமே சிரிக்கல?”

எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். அந்தக் காலத்துக் கேமராவுக்கு நேரமாகும், அதுவரை சிரித்துக்கொண்டே இருக்க முடியாது என்று நாம் பதில் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. தொடக்க காலத்தில் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாமல் இருக்க, பின்பக்கம் இரும்புக் கவை ஒன்றை வைத்துப் பிடரியைத் தாங்குவார்கள். ஈரத்தகட்டு முறையில் அது சில நொடிகளாகக் குறைந்தது. உலர்தகடு வந்த பிறகு ஒரு நொடிக்கும் குறைவு. ஆனாலும் நம் தாத்தாக்கள் அதற்குப் பிறகு அறுபது எழுபது ஆண்டுகள் சிரிக்கவே இல்லை. படம் என்பது மதிப்போடு உட்காரும் இடம். இளிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? இன்றும் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கும்போது பெரியவர்கள் முகம் இறுகுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் ஆசிரியர்களுக்குத் தேவை. எங்கள் ஒன்பது படங்களில் ஒன்றில் ஒரு பாட்டி வெள்ளைப் புடவையில் நின்றார். “விதவை” என்று மாணவர்கள் உடனே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கழுத்தில் தாலிச் சரடு தெரிந்தது. பழைய தகடுகளும் பிலிமும் நம் கண்ணைப் போல நிறத்தைப் பார்ப்பதில்லை. நீலத்தை வெளிறவைக்கும், சிவப்பைக் கறுப்பாக்கும். வெளிர்நீலப் புடவை வெள்ளையாக வரும். அரக்குப் புடவை கறுப்பாக வரும். குங்குமம் மையிட்டது போல் தெரியும். பழுப்பு நிறத் தோலையும் உள்ளதைவிடக் கறுப்பாகவே காட்டும். அதனால்தான் ஸ்டுடியோக்காரர் கூரான பென்சிலை எடுத்து நெகட்டிவில் முகத்தைத் திருத்துவார். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டிய இடம் அச்சில் வெளுப்பாக வரும். வாடிக்கையாளர் கேட்டும் செய்வார், கேட்காமலும் செய்வார். ஆக, நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அறிவியல் ஆசிரியரை அழைத்து ஒரு பாடவேளை இதையே நடத்தலாம்.

கால்களைப் பாருங்கள்

முகத்தை விட்டுவிட்டு முதலில் கால்களைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். ஒன்பது படங்களில் ஆறில் கால்கள் தெரிந்தன. நான்கு பேர் செருப்போ ஷூவோ போட்டிருந்தார்கள். அதிலும் பஞ்சாலைக் கொள்ளுத்தாத்தா தன் ஷூ நன்றாகத் தெரியும்படி ஒரு காலை முன்னால் நீட்டியிருந்தார். வேட்டிக்குக் கீழே ஷூ. மாணவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு பொன்னுத்தம்பி பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவர் நம் புதுச்சேரி வழக்கறிஞர். 1873-இல் இந்திய உடையோடு ஐரோப்பியர் அணிவது போன்ற ஷூவும் போட்டு நீதிமன்றத்துக்கு வந்தார். அது அவமதிப்பு என்று சொல்லி அவரைத் தடுத்தார்கள். இந்தியர் என்றால் அந்தக் காலணியோடு உள்ளே வரக்கூடாதாம். அவர் விடவில்லை. பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21-இல் வெளியான அரசாணைப்படி, விரும்பிய இந்தியர்கள் தங்கள் பழைய தனிச்சட்ட வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, பொன்னுத்தம்பி ‘லப்போர்த்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். லப்போர்த் வீதி வழியாகச் சைக்கிளில் போகிற மாணவர்களுக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி ஷூ இருப்பது தெரியாது.

அப்படித் துறந்தவர்களில் பலர் சைகோனுக்குப் போய் அரசு வேலை பார்த்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனவர்கள் உண்டு. அங்கே எடுத்த படத்தைத் தபாலில் அனுப்புவார்கள். கோட்டு, தொப்பி, பதக்கம் எல்லாம் போட்டுக்கொண்டு எடுத்த படம். இங்கே வீட்டுக்கூடத்தில் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்கள். எங்கள் வகுப்புக்கும் அப்படி ஒரு படம் வந்தது. அந்த மாணவன் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் அப்பா மத்தியானமே பள்ளிக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பட்டியல்கள்

இந்தச் செயல்பாட்டில் எனக்கே புதிதாகப் புரிந்தது ஒன்று உண்டு. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கரும்பலகையின் வலப்பக்கத்தில், ஒன்பது படங்களிலும் தெரிகிறவற்றை மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சட்டை, கோட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கிய வேட்டி, கிராப்பு, கைக்கடிகாரம், சங்கிலி, ரவிக்கை, பூ, குடை, செருப்பு, ஷூ, புத்தகம், பேனா.

பிறகு இடப்பக்கத்தில் வேறொரு பட்டியல் எழுதினேன். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

எழுதி முடித்துவிட்டு நான் எதுவும் பேசவில்லை. இரண்டு பட்டியலையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒரு மாணவி எழுந்து வந்து, சாக்பீஸால் இடப்பக்கத்துச் செருப்பிலிருந்து வலப்பக்கத்துச் செருப்புக்கு ஒரு கோடு போட்டாள். பிறகு குடைக்கு, சட்டைக்கு, பூவுக்கு. மண்பாண்டமும் மஞ்சளும் தவிர எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது. தெருவில் எது தடுக்கப்பட்டதோ அதே பொருளைத்தான் ஸ்டுடியோவில் ஆட்கள் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

ஸ்டுடியோவில் எடுத்த படத்தை “பகட்டு” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளவர் வீட்டுப் படத்தில் அது பகட்டாகவும் இருக்கலாம். ஆனால் சட்டை போட்டதற்கே அடி வாங்கிய தெருவிலிருந்து ஒருவர் வந்து, சட்டையோடும் செருப்போடும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்க்கிறார் என்றால், அதை வேறு விதமாகத்தான் வாசிக்க வேண்டும். தோள்சீலைப் போராட்டத்தையும் 1859-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பையும் பாடமாக நடத்துகிறோம். அதன் தொடர்ச்சி வீட்டுச் சுவர்களில் மாட்டியிருப்பதை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிடைத்த படங்கள் மட்டும் 160. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துகொண்டிருந்த நாட்டில், நல்ல கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, சிரிக்காமல், மீண்டும் மீண்டும் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தார். புகைப்படம் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். நம் அம்பேத்கரின் கோட்டையும் டையையும் பற்றி மாணவர்கள் கேட்டால், டக்ளஸ் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

பேனா

மாணவர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை என்று, என் வீட்டுப் படங்களையும் கொண்டுபோனேன்.

ஒன்று என் அம்மாவின் படம். பெரியவளானபோது தலைநிறையப் பூத் தைத்து எடுத்தது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்கவைத்திருக்கிறார்கள். முகம் நேராகவும் பின்னல் கண்ணாடியிலும் தெரியும். அந்தப் பூவுக்கு ஆன செலவு வீணாகக்கூடாது என்று நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் கண்ட உத்தி இது. எந்த வெள்ளைக்காரரும் சொல்லித்தரவில்லை. கழுத்தில் இருக்கும் அட்டிகை எதிர்வீட்டு அத்தையுடையது என்று அம்மா எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். “அதுக்காக அவங்க ஸ்டுடியோ வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க.”

மற்றொன்று என் அப்பாவின் அப்பா. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் செருகிய பேனா. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பேனாதான் தாத்தா. “அந்தக் காலத்திலேயே படித்தவர்” என்று அப்பா சொல்லிச்சொல்லி வளர்த்தார். நான் பி.எட். முடித்தபோது அந்தப் படத்தின் முன் நிற்கவைத்துத்தான் ஆசி வாங்கச் சொன்னார். அப்பா இறந்த பிறகு, மனை விஷயமாகப் பழைய பத்திரம் ஒன்றைப் பிரித்தேன். தாத்தாவின் பெயருக்கு நேரே இடது கைப் பெருவிரல் ரேகை.

நான் அன்று அழுதேன் என்பதையும் வகுப்பில் சொன்னேன். பொய் சொல்லியிருக்கிறார்கள் என்ற கோபம்தான் முதலில் வந்தது. பிறகு யோசித்தேன். தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் பேனா செருகிக்கொண்டார், அவ்வளவுதான். அது ஸ்டுடியோக்காரரின் பேனாவாகக்கூட இருக்கலாம். கைநாட்டு வைத்தவர் என்பதற்குப் பத்திரம் சான்று. படம் வேறொன்றுக்குச் சான்று: அவர் யாராக நினைக்கப்பட விரும்பினார் என்பதற்கு. அவர் நான்கு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பினார்.

“அப்போ போட்டோ பொய்யா, நிசமா டீச்சர்?” என்று கேட்டார்கள். கேள்வியை மாற்றிக் கேட்கப் பழக்கினேன். இந்தப் பொருள் இவருடையதா, ஸ்டுடியோவுடையதா, கடனா? கேட்காமலே ஸ்டுடியோக்காரர் வைத்தது எது, இவரே கேட்டு வாங்கியது எது? யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யாருடைய கை யார் தோளில்? இந்தப் படம் யாரிடம் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது? பெண் பார்க்கும் இடத்துக்கா, சைகோனுக்கா, கூடத்துச் சுவருக்கா? படத்தில் யார் இல்லை? கடைசிக் கேள்விக்குத்தான் வகுப்பில் நீண்ட பதில்கள் வந்தன.

ஒரு நடைமுறைக் குறிப்பு. படங்களுக்கு எண் மட்டும் கொடுங்கள். எது யார் வீட்டுப் படம் என்று வகுப்பில் சொல்ல வேண்டாம். நான் முதல் நாள் அதைச் செய்யாததால், நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் பஞ்சாலைத் தொழிலாளியின் கொள்ளுப்பேரனும் இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பூச்சாடி உடைசலை முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டையில்தான் பேச ஆரம்பித்தார்கள்.

படம் இல்லாத வீடுகள்

மீதி 25 பேருக்கு என்ன செய்வது? பழையது என்ற சொல்லை எடுத்துவிட்டு, “வீட்டில் மூத்தவர் ஒருவரின் படம், எதுவானாலும் சரி, நகல் போதும்” என்று மாற்றினேன். வந்தவற்றில் பெரும்பாலானவை வாக்காளர் அடையாள அட்டைகள். 1993-இல் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது படத்தோடு கூடிய வாக்காளர் அட்டை கொண்டுவரப்பட்டது. பல பாட்டிகளுக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். அதில் நாற்காலி இல்லை, பூச்சாடி இல்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. இறந்த பிறகு அந்த அட்டையைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகிறோம். கணினியில் பெரிதாக்கி, கலைந்த தலையைச் சீவி, பட்டுப் புடவையும் சங்கிலியும் ஒட்டிச் சட்டமிட்டுத் தருகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன்களிடம் “கோட்டு போட்டுத் தரட்டுமா தம்பி?” என்று கேட்பதும் அதே கடைதான். அந்த முக்காலியும் தூணும் இப்போது கணினிக்குள் போய்விட்டன.

கடைசிச் செயல்பாடாக வகுப்பறையையே ஒருநாள் ஸ்டுடியோவாக்கினோம். வடக்குப் பக்க ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பின்னால் ஒரு போர்வை, என் கைபேசி. பழைய ஸ்டுடியோக்களும் வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடின. அதில் நேர் வெயில் விழாது, நிழல் கூர்மையாக இருக்காது. ஒவ்வொருவரும் கையில் எதை வைத்துக்கொள்வது, உட்காருவதா நிற்பதா என்று தாமே முடிவு செய்து, ஏன் என்று ஐந்து வரி எழுத வேண்டும். கிரிக்கெட் மட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் எதிர்பார்த்தவைதான். ஒருவன் அவன் அம்மாவின் இட்லித் தட்டைக் கொண்டுவந்தான். ஒருத்தி எதையும் வைத்துக்கொள்ளாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த ஐந்து வரிதான் மிகவும் பிடித்தது, ஆனால் அவள் யாரிடமும் காட்ட வேண்டாம் என்றாள்.

“எங்க வீட்ல இல்ல” என்று முதல் நாள் எழுந்து சொன்ன மாணவி, தனக்குப் பதிலாகத் தன் ஆயாவை எடுக்கலாமா என்று கேட்டாள். ஆயா பக்கத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். மத்தியானம் வேலை முடிந்து வந்தார். போர்வையையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, “இருங்கம்மா வரேன்” என்று வீட்டுக்குத் திரும்பிப் போனார். அரை மணி நேரம் கழித்து மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு கைக்கடிகாரம். யாருடையது என்று மாணவர்கள் யாரும் கேட்கவில்லை. நான்கு நாளில் அவ்வளவு கற்றிருந்தார்கள்.

எடுத்துக் காட்டினேன். ஆயா கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நான் வழக்கம்போல் முழங்காலோடு வெட்டி எடுத்திருந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா செருப்பு தெரியலயே.”

நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டு மறுபடியும் எடுத்தோம்.